சாவி யார் கையில்? பகிர்வுக் கார் பற்றி வாசகர் கேள்விகள்

ஒரே காரைப் பலர் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது பற்றிக் கேட்டிருந்தோம். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கமிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டோம்.

மாதத்தில் மூன்று, நான்கு நாள்தான் கார் தேவைப்படுகிறது. திருச்சி விமான நிலையம், கும்பகோணத்தில் மாமியார் வீடு, எப்போதாவது குலதெய்வக் கோயில். புதுக் கார் வாங்கலாமா, செல்ஃப் டிரைவ் (நாமே ஓட்டும் வாடகைக் கார்) எடுத்தே சமாளிக்கலாமா?
மருத்துவக் கல்லூரிச் சாலை, தஞ்சாவூர்

கிலோமீட்டரை ஒதுக்கிவிட்டு நாள் கணக்குப் போடுங்கள். கார் ஓடும்போது ஆகும் செலவு எல்லாருக்கும் தெரியும். நிற்கும்போது ஆகும் செலவுதான் கண்ணில் படாது.

ஆயுள் வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 8 லட்ச ரூபாய்க்கு ஒரு சின்னக் கார் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆறு வருடம் கழித்து அது 3.80 லட்சத்துக்குப் போனால் வருடத்துக்கு 70,000 ரூபாய் தேய்மானம். இன்சூரன்ஸ் சராசரியாக 15,000. சர்வீஸ் 8,000. டயர், பேட்டரிக்கு ஒதுக்கி வைப்பது 6,000. கடன் வாங்கினால் வட்டி, கைக்காசு போட்டால் வங்கியில் வந்திருக்க வேண்டிய வட்டி, இரண்டில் எதுவானாலும் ஒரு 42,000. கூட்டினால் 1,41,000. அதாவது வண்டி வாசலைத் தாண்டாமலேயே மாதம் 11,750 ரூபாய். பெட்ரோல் தனி.

செல்ஃப் டிரைவ் நாள் வாடகை 2,200 என்று கொண்டால் ஐந்து நாளைக்கு 11,000. ஆக, மாதம் ஐந்து நாள் வரை வாடகைக்கு எடுப்பதே லாபம். ஆறாவது நாளிலிருந்து சொந்தக் கார் பக்கம் தராசு சாயும். 3 லட்சத்துக்குப் பழைய கார் வாங்குகிறவருக்கு இந்தக் கணக்கு வேறு: தேய்மானம் 35,000, இன்சூரன்ஸ் 9,000, சர்வீஸ் 15,000, டயர் பேட்டரி 8,000, வட்டி 17,000. மாதம் 7,000 ரூபாய்தான். மூன்று நாளுக்கு மேல் எடுப்பவர் பழைய காரை யோசிக்கலாம். உங்கள் ஊர் வாடகையைப் போட்டு நீங்களே ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.

இரண்டு மணி நேர மருத்துவமனை வேலையை இதில் சேர்க்காதீர்கள். அதற்கு ஆட்டோவும் கால் டாக்ஸியும் போதும். நடுராத்திரி நெஞ்சுவலிக்கு 108தான்; எந்தப் பகிர்வுக் காரையும் நம்பி உட்காரக் கூடாது.

இன்னொன்று, உங்கள் மூன்று, நான்கு நாள்கள் எவை என்பது. வைகாசி, ஆவணி, தை முகூர்த்த நாள்களில்தான் கார் வேண்டும் என்றால் வாடகையை நம்ப முடியாது. டெல்டாவில் எல்லாக் கல்யாண மண்டபமும் ஒரே நாளில் நிறையும். கார்களும் அன்றே தீரும். பஞ்சாங்கத்தைப் பார்த்து மூன்று வாரம் முன்பே பதிந்துவிடுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாததால் வண்டி சுலபமாகக் கிடைக்கும். வாடகையையும் பேசிக் குறைக்கலாம்.

தெருவில் ஒருவர் தன் சொந்தக் காரை நாளுக்கு 1,500 ரூபாய்க்குத் தருகிறார். டிராவல்ஸைவிட மலிவு. எடுக்கலாமா?
கும்பகோணம்

ஓன் போர்டு, அதாவது சொந்தப் பயன்பாட்டுக்குப் பதிந்த வண்டியா? எடுக்காதீர்கள். மலிவாக இருப்பதற்குக் காரணமே, அவர் கட்ட வேண்டியதைக் கட்டவில்லை என்பதுதான்.

தனியார் கார் பாலிசியை விரித்தால் பயன்பாட்டு வரம்பு என்று ஒரு பகுதி இருக்கும். வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டினால் பாலிசி செல்லாது என்று அங்கே எழுதியிருக்கும். அதே காரை அவர் காசு வாங்காமல் உங்களிடம் கொடுத்து, உங்களிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால், பாலிசி உங்களுக்கும் பொருந்தும். கை மாறும் அந்த 1,500 ரூபாய்தான் எல்லாவற்றையும் புரட்டிப் போடுகிறது.

வண்டி அடிபட்டால் டிங்கரிங், பெயிண்டிங் செலவை இன்சூரன்ஸ் மறுக்கும். யாராவது அடிபட்டால் நிலைமை இன்னும் மோசம். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம், முதலில் இன்சூரன்ஸ் நிறுவனம் கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிட வழியுண்டு. உரிமையாளர் அடுத்து உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வருவார். பர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டுவதற்கு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் சட்டத்தில் இருக்கிறது.

நம்பர் பிளேட்டைப் பார்த்தாலே தெரியும். வெள்ளைத் தட்டில் கறுப்பு எழுத்து சொந்த வண்டி. மஞ்சள் தட்டில் கறுப்பு எழுத்து டிரைவரோடு வரும் டாக்ஸி. கறுப்புத் தட்டில் மஞ்சள் எழுத்து இருந்தால்தான் நீங்களே ஓட்ட வாடகைக்குத் தரும் வண்டி.

என் பெயரில் எடுத்த காரை வழியில் மகன் ஓட்டலாமா?
பட்டுக்கோட்டை

ஒப்பந்தத்தில் அவர் பெயரும் லைசென்ஸ் எண்ணும் இருந்தால் ஓட்டலாம். இல்லாவிட்டால் கூடாது. மகனுக்கு 18 ஆகவில்லை என்றால் பேச்சுக்கே இடமில்லை: 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை, அது பெற்றோர் தலையிலும் வண்டி உரிமையாளர் தலையிலும் விழும். பல நிறுவனங்கள் 21 வயதுக்குக் கீழே வண்டியே தருவதில்லை. வாடகைக்கு எடுக்கும்போதே, ஓட்டப்போகும் எல்லாருடைய பெயரையும் எழுதிவிடுங்கள்.

எங்கள் தெருவில் மூன்று குடும்பம் சேர்ந்து ஒரே கார் வாங்க நினைக்கிறோம். உறவு கெடாமல் நடத்த முடியுமா?
திருவாரூர்

முடியும். 1948-லேயே ஸ்விட்சர்லாந்தின் ஸூரிக் நகரில் வீட்டுவசதிக் கூட்டுறவு ஒன்றைச் சேர்ந்தவர்கள், தனித்தனியாகக் கார் வாங்க வசதியில்லாமல் சேர்ந்து வாங்கி ஓட்டினார்கள். கார் பகிர்வின் தொடக்கமாகச் சொல்லப்படுவது அதுதான். அவர்களைக் காப்பாற்றியது எழுதி வைத்த விதிகள். நீங்களும் நல்ல மனதை மட்டும் நம்பாமல், முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

ஆர்.சி., அதாவது வண்டிப் பதிவுச் சான்று, நடைமுறையில் ஒருவர் பெயரில்தான் இருக்கும். விபத்து வழக்கு, போலீஸ் சலான் எல்லாம் அவர் பெயருக்கே போகும். அதனால் ஆர்.சி.க்காரர் மற்ற இருவரிடமும் முன்பணம் வாங்கித் தனி வங்கிக் கணக்கில் வைத்திருப்பது நியாயம். மற்றவர்கள் அதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்த நாள், எந்த நேரம் வண்டி யாரிடம் இருந்தது என்று டேஷ்போர்டில் ஒரு நோட்டு இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதும் என்பார்கள். ஆறு மாதம் முந்தைய சலானுக்கு அதில் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பொழுது போய்விடும்.

செலவை இரண்டாகப் பிரியுங்கள். நின்றாலும் ஓடினாலும் வரும் செலவு, அதாவது தேய்மானம், இன்சூரன்ஸ், வட்டி, மூன்று பங்கு சமம். யார் குறைவாக ஓட்டினார்கள் என்ற பேச்சு இதில் வரக் கூடாது. ஓடினால் வரும் செலவுக்கு கிலோமீட்டருக்கு 2 ரூபாய் வீதம் பொது நிதியில் போட்டுவிடுங்கள். சர்வீஸ், டயர், பேட்டரி அதிலிருந்து. பெட்ரோலை எடுத்த அளவுக்கே நிரப்பித் திருப்ப வேண்டும். ‘கால் டேங்குக்கு மேல்’ என்ற விதி உதவாது. டேங்க் முழுதாக எடுத்து முழுதாகத் தருவதே சண்டை வராத ஒரே முறை.

அநேகமாக யாரும் யோசிக்காத இடம் இன்சூரன்ஸ். பாலிசியோடு வரும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு ஆர்.சி.க்காரருக்கு மட்டும்தான். பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டும்போது அவருக்கு அது கிடையாது. மற்ற இருவரும் தங்கள் பெயரில் தனி விபத்துக் காப்பீடு எடுத்துக்கொள்ளட்டும். பயணிகளுக்கான காப்பையும் பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். அடுத்தது நோ கிளெய்ம் போனஸ். முதல் வருடம் கிளெய்ம் இல்லையென்றால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி, ஐந்து வருடம் தொடர்ந்தால் 50 சதவீதம். ஒருவர் பம்பரை இடித்துவிட்டு 4,000 ரூபாய்க்குக் கிளெய்ம் போட்டால் மூவரும் சேர்த்து வைத்த தள்ளுபடி போகும். இவ்வளவு ரூபாய்க்குக் கீழே என்றால் ஓட்டியவரே கட்டுவது என்று ஒரு தொகையை முதலிலேயே எழுதுங்கள். 6,000 சரியாக இருக்கும்.

பொங்கல், தீபாவளி, திருவாரூர்த் தேர். இந்த நாள்களில் மூவருக்கும் வண்டி வேண்டும். பொங்கலுக்கு இந்த வருடம் முதல் வீடு, அடுத்த வருடம் இரண்டாம் வீடு என்று சுழற்சி வையுங்கள். சீட்டுக் குலுக்கினால் ஒருவருக்கே இரண்டு வருடம் விழும், மனக்கசப்பு வரும். விலகுகிறவருக்கு எவ்வளவு கொடுப்பது என்பதையும் இப்போதே எழுதுங்கள்: விலகும் நாளில் இரண்டு பழைய கார் வியாபாரிகள் சொல்லும் விலையின் சராசரியில் மூன்றில் ஒரு பங்கு. மறக்க வேண்டாம், மூவரும் தங்களுக்குள் செலவைப் பிரிப்பது வரைக்கும்தான் இது சரி. நான்காவது வீட்டுக்கு நாள் வாடகைக்குக் கொடுத்த அன்றைக்கு நீங்களும் அந்த ஓன் போர்டு கதையில் வந்துவிடுவீர்கள்.

காரைத் திருப்பிக் கொடுத்தபோது, முன்பே இருந்த கீறலுக்கு டெபாசிட்டில் 4,000 ரூபாய் பிடித்துவிட்டார்கள். என்ன செய்திருக்க வேண்டும்?
மயிலாடுதுறை

சாவி வாங்கியதும் ஐந்து நிமிடம் வீடியோ. இரவானால் தெருவிளக்கை நம்பாமல் டார்ச் அடித்து எடுங்கள். முன் பம்பரின் அடிவிளிம்பில் தொடங்குங்கள்; வேகத்தடையில் உரசும் இடம் அதுதான், குனியாமல் தெரியாது. பிறகு இடப்பக்கக் கதவுகள், சக்கரத் தட்டுகள், பின் பம்பர், வலப்பக்கம், கண்ணாடி. டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கடைசியாக இன்ஜினை ஆன் செய்து, ஓடோமீட்டர், பெட்ரோல் முள், எரியும் எச்சரிக்கை விளக்குகள். அந்த வீடியோவை நிறுவனத்தின் எண்ணுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள். உங்கள் போனில் மட்டும் இருக்கும் வீடியோவை, எப்போது எடுத்தது என்று கேட்பார்கள்.

திருப்பும்போதும் அதே வரிசையில் எடுங்கள். உண்மையிலேயே உங்களால் சேதம் என்றால் பில் கேளுங்கள்: எந்தப் பட்டறை, எந்தப் பகுதி, எவ்வளவு. இன்சூரன்ஸில் கட்டாயமாக நாம் ஏற்க வேண்டிய தொகை 1,500 சிசி வரையான சொந்தக் காருக்கு 1,000 ரூபாய்தான். வாடகை நிறுவனங்கள் தங்கள் ஒப்பந்தத்தில் அதைவிடப் பல மடங்கு எழுதி வைப்பதுண்டு. பதியும் முன் அந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்.

மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் அலுவலகத்துக்கு நால்வர் என் காரில் போகிறோம். மற்ற மூவரிடம் பணம் வாங்கினால் தவறா?
மன்னார்குடி

தெரிந்தவர்கள் செலவைப் பிரித்துக்கொள்வதை யாரும் வாடகை என்பதில்லை. ஆனால் பிரிப்பதில் ஓட்டுநரும் ஒரு தலை. போக வர 80 கிலோமீட்டர், லிட்டருக்கு 16 கொடுத்தால் 5 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 500. தேய்மானத்துக்குக் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் வீதம் 160. மொத்தம் 660, தலைக்கு 165. நீங்கள் கட்டாமல் மூவரிடம் தலைக்கு 220 வாங்கினால் அது வேறு பேச்சு. பேருந்து நிறுத்தத்தில் நிற்பவரை ஏற்றிக் காசு வாங்கினால் அது சந்தேகமில்லாமல் டாக்ஸி வேலை. செயலி வழியாக ஆள் சேர்ப்பவர்களுக்கு 2020-ல் மத்திய அரசு தந்த வழிகாட்டுதலில், சொந்தக் காரில் ஊருக்குள் நாளைக்கு நான்கு நடை, ஊர் விட்டு ஊர் வாரத்துக்கு இரண்டு நடை என்றுதான் வரம்பு இருந்தது. தினசரி அலுவலகப் பயணத்துக்கு நண்பர் குழுவே தோது.

ஐப்பசி மழையில் வாடகைக் கார் தண்ணீரில் நின்றுவிட்டால்?
நாகப்பட்டினம்

முதலில் சாவியைத் திருப்பாதீர்கள். மறுபடி ஸ்டார்ட் செய்து பார்ப்பதுதான் ஆயிரங்களில் முடிய வேண்டிய செலவை லட்சமாக்குகிறது. காற்று வடிகட்டி வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இதைச் சாதாரணப் பாலிசி ஏற்காது. இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பு வேண்டும். வாடகை ஒப்பந்தங்களிலும் தண்ணீரால் வந்த இன்ஜின் சேதம் பெரும்பாலும் ஓட்டியவர் பொறுப்புதான்.

இக்னிஷனை அணைத்து, நியூட்ரலில் போட்டு, தள்ளி மேட்டில் ஏற்றுங்கள். தண்ணீர் மட்டம் தெரியும்படி படம் எடுங்கள். நிறுவனத்தை அழைத்து, ஏற்றிச் செல்லும் வண்டி கேளுங்கள். கயிறு கட்டி இழுக்க வேண்டாம், ஆட்டோமேட்டிக் வண்டியானால் கியர்பாக்ஸும் போகும். சக்கரத்தில் பாதி உயரத் தண்ணீருக்கு மேல் இறங்கவே கூடாது. எதிரே பேருந்து வந்தால் அது தள்ளும் அலை இன்னும் ஒரு அடி ஏறும். நம் பக்கத்தில் இதைவிடப் பெரிய ஆபத்து, சாலையும் அதை ஒட்டிய வாய்க்காலும் ஒரே தண்ணீராகத் தெரிவது. முன்னே ஒரு வண்டி போகாத தண்ணீரில் இறங்காதீர்கள்.

ஐந்து கார் வைத்துக் கும்பகோணத்தில் செல்ஃப் டிரைவ் தொடங்க விருப்பம். ஊர்க்காரர்கள் என்ன எதிர்பார்ப்பார்கள்?
கும்பகோணம்

ஐந்து காரோடு தனி உரிமம் கிடைக்காது. 1989-ன் ரென்ட்-எ-கேப் திட்டப்படி, அகில இந்தியச் சுற்றுலா பர்மிட் உள்ள 50 வண்டியாவது வேண்டும். ஏற்கெனவே உரிமம் உள்ள நிறுவனத்தோடு சேர்ந்து நடத்துவதுதான் வழி. பார்க்க வேண்டிய முதல் ஆள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இருக்கிறார், கார் ஷோரூமில் இல்லை.

மக்கள் எதிர்பார்ப்பது என்றால், முதலில் தூரம். கார் எடுக்க 80 ரூபாய் ஆட்டோவுக்குக் கொடுக்க வேண்டியிருந்தால், அந்த ஆட்டோவிலேயே போய்விடுவார்கள். வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் வண்டி நிற்க வேண்டும். ஐந்தையும் ஒரே ஷெட்டில் நிறுத்தினால் ஊரில் பாதிப் பேருக்கு நீங்கள் இல்லாதது போலத்தான். இரண்டு ரயில் நிலையத்தருகே, மீதி குடியிருப்புகளில். தேர் ஓடும் வீதிக்குள் நிறுத்தாதீர்கள். உற்சவ நாளில் தடுப்பு போட்டதும் முன்பதிவான வண்டி உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

அடுத்து நேரம். உழவன் எக்ஸ்பிரஸில் விடியற்காலை இறங்குபவருக்கு அப்போதே சாவி வேண்டும். ‘ஒன்பது மணிக்குக் கடை திறப்போம்’ என்றால் அவர் டாக்ஸி பிடித்துப் போய்விடுவார். போனில் திறக்கும் பூட்டு போடலாம். ஆனால் அந்தக் கருவி எப்போதும் பேட்டரியைக் கொஞ்சம் குடிக்கும், மார்கழியில் பதினைந்து நாள் நின்ற வண்டி கிளம்பாது. வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டி வைக்க ஆள் வேண்டும். எண் பூட்டுள்ள சாவிப்பெட்டி மலிவு, பழுதாவதும் குறைவு.

மூன்று மணி நேரம், ஆறு மணி நேரம் என்று சின்ன வாடகை வையுங்கள். ஊர்க்காரருக்கு வேண்டியது அதுதான். 24 மணி நேர வாடகை வெளியூர்ப் பயணிக்கு. நவக்கிரகக் கோயில் சுற்றுபவர்களுக்குக் கிலோமீட்டர் வரம்பைத் தாராளமாக வையுங்கள், கூடுதலுக்கு எவ்வளவு என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். சுங்கத்துக்குக் குத்துமதிப்பாகப் பிடிக்காமல் ஃபாஸ்டேக் கணக்கைக் காட்டிப் பிடியுங்கள். டெபாசிட் எத்தனை மணி நேரத்தில் திரும்பும் என்று எழுதிக் கொடுங்கள்.

வண்டி சின்னதாக இருக்கட்டும். பழைய தெருக்களில் பெரிய எஸ்யூவியைத் திருப்ப இடமில்லை. ஆனால் இருக்கை தாழ்வாக இருக்கக் கூடாது, கோயிலுக்கு வருவது முழங்கால் வலிக்காரர்கள். டிக்கியில் மடக்கிய சக்கர நாற்காலி ஒன்று போக வேண்டும். ஐந்தில் இரண்டு வண்டியாவது ஆட்டோமேட்டிக்காக இருக்கட்டும். ஓட்டத் தெரியாத வீடுகளுக்கு ஆக்டிங் டிரைவரின் எண்ணும் பேட்டாவும் உங்களிடமே இருந்தால் பாதி வாடிக்கை அங்கிருந்து வரும். 2028-ல் மகாமகம், அதை மட்டும் நம்பி இப்போதே கடன் வாங்காதீர்கள், அந்தச் சமயத்தில் ஊருக்குள் கார் நகரவே விடமாட்டார்கள்.

திருநள்ளாறு போகும்போது கவனிக்க வேண்டியது?
நன்னிலம்

அது காரைக்கால் பகுதி, புதுச்சேரி எல்லை. தமிழ்நாட்டு பர்மிட் மட்டும் உள்ள டாக்ஸிக்குத் தனி பர்மிட் வேண்டும். கறுப்புத் தட்டுக் காரில் அகில இந்திய பர்மிட் நகல் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே பெட்ரோல் விலை குறைவு, திரும்பும் வழியில் நிரப்பிக்கொள்ளலாம். மது பாட்டில் மட்டும் ஏற்றி வர வேண்டாம். எல்லைச் சோதனையில் பிடிபட்டால் பாட்டிலோடு காரும் போகும். யாருடைய கார் என்பதைப் போலீஸ் பார்க்காது.

அறுவடை நேரத்தில் வாடகைக் காரின் அடியில் கருகிய வாசனை வந்தது. ஏன்?
ஒரத்தநாடு

சாலையில் காய வைத்த வைக்கோல் அடியில் சுற்றியிருக்கும். புகைபோக்கிக் குழாயும் அதிலுள்ள வினையூக்கிப் பெட்டியும் கடும் சூட்டில் இருக்கும், வைக்கோல் பற்றிக்கொள்ளும். உடனே ஓரமாக, வைக்கோல் இல்லாத இடத்தில் நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். எல்லாரையும் இறக்கிவிடுங்கள். புகை இல்லையென்றால் இருபது நிமிடம் ஆறவிட்டு, குச்சியால் இழுத்து எடுங்கள், வெறுங்கை வேண்டாம். சக்கர அச்சில் சுற்றியதையும் அறுத்து எடுக்க வேண்டும், விட்டால் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியேறும். திருப்பிக் கொடுக்கும்போது இதைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள், அடுத்து எடுப்பவருக்கு அது தெரிய வேண்டும்.